எர்த்

வாலிநோக்கம் உப்பளத்துக்கு வெளியே
ரோட்டுச் சரிவில் நிற்கிறது டிராக்டர்.
சமதரையில் நிறுத்தினால் நாலு பேர் தள்ள வேண்டும்,
நாலு பேருக்கும் டீ வாங்கித் தர வேண்டும்.
ஆறு மாசமாய் இப்படித்தான் என்றாள் நம்புத்தாய்.

"பேட்டரி புதுசு. கார்பன் பிரஷ் புதுசு.
பெல்ட் போன மாசம்.
வாரத்துக்கு ரெண்டு தடவை பஸ்ல ஏத்தி
ஏர்வாடிக்குச் சார்ஜ் போடக் கொண்டுபோறான் என் மகன்.
இருக்கிற கால்சட்டை பூராம் ஆசிட் ஓட்டை."

ஹோல்டரில் மாட்டிய பல்பை எடுத்தேன்.
ரெண்டு ஒயர், ஒரு பன்னிரண்டு வோல்ட் பல்பு:
என் படிப்பு மொத்தமும் அவ்வளவுதான்.

பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கினேன்.
அரை அங்குலம் இறங்கியது. சரி.
டைனமோவில் டி, எஃப் ரெண்டையும் கழற்றி
அந்த முனைகளை ஒன்றாய்க் கட்டி
பல்பின் ஒரு காலை அங்கே வைத்து
மறுகாலை டைனமோவின் உடம்பில் தொட்டுக்கொண்டேன்.
சரிவில் உருட்டச் சொன்னேன்.
இஞ்சின் இருமி, கரும்புகை கக்கி, பிடித்தது.
பல்பு எரிந்தது.

டைனமோமேல் குற்றமில்லை.
ஆறு மாசமாய் அதைத்தான்
கழற்றிக் கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள்.
கரண்டு போகிற வழியை எல்லோரும் தேடுவார்கள்.
திரும்பி வருகிற வழியை யார் பார்க்கிறார்கள்?

டேஷ்போர்டுக்குப் பின்னால் கட்டவுட் பெட்டி.
அதன் எர்த் திருகிலிருந்து ஒரு கறுப்பு ஒயர்
பாடியில் ஒரு போல்ட்டுக்குப் போகிறது.
போல்ட்டைச் சுற்றிப் பச்சையாய்ப் பூத்திருந்தது.
கழற்றினேன். வாசரை எடுத்தேன்.
அடியில் சிவப்புப் பெயிண்ட்,
மருதாணி வைத்த நகம் மாதிரி,
ஒரு கீறல் இல்லாமல்.

பெயிண்டின்மேல் முடுக்கினால் எர்த் எங்கே கிடைக்கும்?
கொஞ்ச நாள் மரை வழியே ஓடியிருக்கும்.
அப்புறம் கடல்காற்று அதையும் அடைத்துவிட்டது.

ஒயர் நுனியில் சுற்றிய டேப்
எல்லோரும் சுற்றுகிற பக்கம் சுற்றவில்லை.
நான் இடக்கையன்.

ஆயுத பூசைக்கு முதல் நாள், சாயல்குடி பட்டறையில்,
பெயிண்ட் காய்ந்தும் காயாமலும்
இந்தப் பெட்டியை மாட்டியது நான்.
வெளியே இன்னும் மூன்று வண்டி நின்றது.
அன்றைக்கு இதை ஓட்டிவந்தவன் இப்போது சவுதியில்.

எமரித் தாளால் தேய்த்தேன். இரும்பு வெளுத்து வந்தது.
ஒயர், வாசர், போல்ட். மேலே ஒரு விரல் கிரீஸ்.
டி, எஃப் பழையபடி.
இந்தத் தடவை நாலு பேர் தள்ளினார்கள்.
அம்மீட்டர் முள் துள்ளி
பிளஸ் பக்கம் போய்ச் சாய்ந்தது.
"இனிமே டீ கெடையாதா?" என்றான் தள்ளினவர்களில் ஒருவன்.

"என்ன கோளாறு?"
"எர்த் விட்டுப்போச்சு. உப்புக்காத்து."
இந்தக் கரையில் எதற்கும் உப்பைச் சொல்லலாம்,
கீலுக்கு, தகரத்துக்கு, சைக்கிள் செயினுக்கு.
இல்லை என்று உப்பு வந்து சொல்லாது.

"எம்புட்டு?"
"வேணாங்க."
வெயிலில் இடுங்கிய கண்ணை இன்னும் இடுக்கினாள்.
"காசு வேணாங்கிற மெக்கானிக்க நான் கண்டதில்ல.
அப்ப இது ஓன் வேலைதானா?"

இஞ்சின் தடதடத்துக்கொண்டிருந்தது.
கேட்காத மாதிரி இருந்துவிடலாம்.
"ஆமா" என்றேன்.

அவள் திட்டவில்லை.
முந்தி முடிச்சை அவிழ்த்து ஒரு ரசீது நீட்டினாள்.
தோடு ஒரு ஜோடி, நாலு கிராம், பேட்டரிக்காக வைத்தது.
"வட்டிய நீ கட்டு. மொதல நான் பாத்துக்கிறேன்."

சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.
சாயங்காலத்துக்குள் முள் இறங்கி நடுவுக்கு வந்துவிடும்.
பேட்டரி நிறைந்தாலும் அங்கேதான் நிற்கும்,
ஒன்றுமே ஏறாதபோதும்
ஏறக்குறைய அங்கேதான் நின்றது.

ஹெட்லைட்டைப் போடச் சொன்னேன்.
நடுப்பகல், எதிரே உப்பு அம்பாரம்,
எரிகிறதா என்றே தெரியவில்லை.
கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்தேன்.
வெயில் சூடா விளக்குச் சூடா என்று
பிடிபடுகிறவரை எடுக்கவில்லை.